சோலையாற்றங்கரை குவார்ட்டர்ஸ்

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் கார்கள் எல்லாம் ஓரங்கட்டி நிற்கும். அங்கே வரையாடு, தான் மாநில விலங்கு என்ற நினைப்பே இல்லாமல் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று அசைபோடும். நான் பஸ்ஸில் போகிறவன். இடம் கிடைத்தபின் ஆட்டுக்காக எழுந்திருப்பானா யாராவது?

நண்பன் அப்போது சோலையாறு பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலையில் இருந்தான். டவுனிலிருந்து இருபது கிலோமீட்டர் போல. தகரக் கூரை போட்ட ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ். முன்வாசலில் தேயிலை. பின்பக்கம், தோட்டம் போட்டபோது வெட்டாமல் தப்பிய ஒரு துண்டுச் சோலை. அது முடிகிற இடத்தில் அணைத் தண்ணீர். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் கட்டிய அணை, நிரம்பினால் 160 அடி. நிரம்பியிருக்கும்போது பார்க்க அழகுதான், ஆனால் அது அட்டைக் காலம். எனக்கு மார்ச்தான் தோது. தண்ணீர் இறங்கி, கரை படிப்படியாக வெளியே வந்து, ஈரத்தில் புல் முளைத்திருக்கும். அதை மேய, முழங்கால்வரை வெள்ளை வெளேரென்று இருக்கும் காட்டுமாடுகள் சாயங்காலம் இறங்கி வரும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போய்ச் சேர்ந்தால் நண்பனின் மனைவி, நெல்லைக்காரர், "வாங்கண்ணே" என்ற கையோடு, "பின்கதவத் திறக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திறங்க" என்பார். அடுக்களையில் அரிசி இருக்காது. மூட்டை நடுரூமில், கட்டிலுக்கு அடியில். அரிசிக்காகவும் உப்புக்காகவும் யானை சுவரைத் தள்ளும். அந்த மலையில் ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் அடிக்கடி அடிவாங்குவது அதனால்தான். தேயிலையில் அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. ஒரு சோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போக நடுவில் தோட்டம் கிடக்கிறது, கடக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் வேலை முடிந்து வரும் மனிதர் எதிரே போய் முட்டிக்கொள்ளும்போதுதான் சாவு விழுகிறது. அதைத் தடுக்க, என்.சி.எஃப். அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் லோக்கல் கேபிள் டிவியில் யானை நிற்கும் இடத்தை எழுத்தாக ஓடவிட்டார்கள். 2011-இலிருந்து எஸ்.எம்.எஸ்.ஸும் வந்தது. அங்கங்கே கம்பத்தில் சிவப்பு விளக்கும் வைத்தார்கள். சீரியலில் மாமியார் அழுதுகொண்டிருக்க, அவர் காலடியில் எந்த எஸ்டேட், எந்த டிவிஷன் என்று யானை போய்க்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோரும் மாமியாரை விட்டுவிட்டுக் கீழே வாசிப்பார்கள்.

சனிக்கிழமை காலையில் நண்பன் சோலைக்குள் கூட்டிப்போவான். ஒரு மார்ச்சில் இருவாச்சிக் கூடு காட்டினான். வாயில் விரல் வைத்து, என்னை ஒரு வேரில் உட்கார்த்தினான். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ மேலே நின்று ஜமுக்காளத்தை உதறுகிற மாதிரி சத்தம், கிளை ஆடியது. ஆண் பறவை. அண்ணாந்து பார்த்தால் மரத்தின் நடுவில் ஒரு பொந்து, அதுவும் எச்சத்தால் பூசி அடைத்தது, ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே பெண் தன்னைத்தானே சிறைவைத்துக்கொண்டு அடைகாக்கிறது. ஆண் தொண்டையைக் குலுக்கி ஓர் அத்திப்பழத்தை மேலே கொண்டுவரும். அலகின் நுனியில் பிடித்து, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கீறலுக்குள் நீட்டும். உள்ளிருந்து இன்னோர் அலகின் நுனி வாங்கிக்கொள்ளும். மறுபடி தொண்டை, மறுபடி பழம். முப்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன். நண்பன் விடவில்லை. கொழுந்து நிறுவையில் நின்று பழகியவன். மரத்தடியில், பொந்துக்கு நேர் கீழே, கீறல் வழியாக வந்து விழுந்த விதைகள் முளைத்து நெருக்கமாக ஒரு நாற்றங்காலே நின்றது.

சோலை மந்தியைத் தேடிப் போகவே வேண்டாம். புதுத்தோட்டத்தில் அவை ரோட்டைக் கடக்கத் தலைக்கு மேலே பழைய தீயணைப்புக் குழாயில் பாலம் கட்டியிருக்கிறார்கள், பஸ்ஸிலிருந்தே தெரியும். உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு என்று நான் சிலிர்த்தால், "எங்க வடகத்தக் காயப்போட்டுப் பாருங்க தெரியும்" என்பார் நண்பனின் மனைவி.

ராத்திரி ஜீப்பில் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்த வீட்டில் ஜன்னல் போதும். ஒரு சனிக்கிழமை ராத்திரி நிலா வெளிச்சத்தில் கரையில் ஐந்தாறு கறுப்பு மேடுகள் நகர்ந்தன. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நண்பனின் மனைவி சாம்பார்க் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போன தடவ குட்டி ரெண்டு நின்னுச்சு, இப்ப ஒண்ணுதான் தெரியுது" என்றார். சாப்பிடும்போதும் அதே பேச்சு. இன்னொன்று தாயின் மறைவில் நின்றிருக்கலாம் என்றான் நண்பன். அவருக்குச் சமாதானமாகவில்லை, இரண்டுமுறை எழுந்துபோய்ப் பார்த்தார்.

நண்பன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து கொடுத்துவிட்டுப் பொள்ளாச்சியில் வாடகைக்கு வந்துவிட்டார்கள். எஸ்டேட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. எஸ்.எம்.எஸ். மட்டும் இன்னமும் வருகிறது. நம்பரை எடுத்துவிடச் சொல்ல அவனுக்கு மனசில்லை. சமீபத்தில் நான் போயிருந்தபோது ஒன்று வந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தான்: சோலையாறு, ஐந்து யானை.

"குட்டி எத்தனன்னு போட்டிருக்கா?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"அதெல்லாம் எங்க போடுறாங்க" என்றான்.