வர்ணம் பூசிய பொம்மையும் பூசாத பொம்மையும்

சனிக்கிழமைகளில் பேத்தியைக் கூட்டிவரத் தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும்போது, புதிதாக இந்நாட்டுக்கு வந்த பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "அண்ணை, என்ரை பெடியன் ஏதோ விளையாட்டுக்கு எண்டு விரலளவு பொம்மை கேக்கிறான். பெட்டி இருபது பவுணாம். வாங்கிக் குடுக்கலாமோ?" வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மேசையில் வைத்து விளையாடும் இந்தப் போர் விளையாட்டு இலண்டனுக்குப் புதியதல்ல. 1893 இல் வில்லியம் பிரிட்டன் என்பவர் உள்ளே வெறுமையாக ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். ஈயம் குறைவாகச் செலவானதால் பொம்மையின் விலையும் இறங்கியது. அவை வர்ணம் பூசப்பட்டே கடைக்கு வந்தன. எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் அத்தகைய வீரர்களை வைத்து விளையாடும் விதிகளை 1913 இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். பின்னர் 1975 இல் இலண்டனில் மூன்று நண்பர்கள் கேம்ஸ் வேர்க்‌ஷொப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 1978 இல் ஹமர்ஸ்மித்தில் முதற் கடையைத் திறந்தனர். இன்று நொட்டிங்ஹாமில் இயங்கும் அந்நிறுவனம் 2024 டிசம்பரில் நாட்டின் முதல் நூறு பெரிய பங்கு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. அவர்கள் விற்பது பூசாத உருவங்களை. வெட்டி, ஒட்டி, வர்ணம் தீட்டுவது வாங்குபவர் வேலை.

மற்ற வகை அமெரிக்காவிலிருந்து வந்தது. 2000 இல் விஸ்கிட்ஸ் என்ற நிறுவனம் வர்ணம் பூசிய உருவங்களை, உள்ளே எது இருக்கிறதென்று தெரியாதபடி மூடிய பெட்டியில் விற்றது. 2003 இல் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கும் அவ்வாறான பெட்டிகள் வந்தன. முதற் தொகுதியில் 80 வகை உருவங்கள். பெட்டிக்கு எட்டு உருவம். அவற்றில் அரிய வகை ஒன்றே ஒன்று.

எங்கள் வீட்டுக்குள் இந்த விவகாரம் நுழைந்தது 2004 இல். அப்போது நாங்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறையில் இருந்தோம். மகனுக்குப் பதினொரு வயது. இரண்டாம் நிலைப் பள்ளிக்குப் புதிதாகப் போயிருந்தான். ஆங்கிலம் நாவில் முழுதாக ஏறாத காலம். மதிய இடைவேளையில் தனியே நின்றவனை, இந்தப் பொம்மைகளை வைத்து விளையாடும் மூன்று பிள்ளைகள் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்குக் கிடைத்த முதல் நண்பர்கள் அவர்கள்தான்.

அவனுக்கு ஒரு பறவைநாகம் வேண்டுமாம். அது அரிய வகை. ஒரு நாள் மனைவி அவன் கட்டிலின் கீழ் கூட்டும்போது நான்கு வெறும் பெட்டிகளையும் ஒரு பை நிறையப் பொம்மைகளையும் கண்டெடுத்தாள். ஒரே மாதிரியான எலும்புக்கூட்டு வீரன் மட்டும் ஐந்து. நாகம் இல்லை. காசு எங்கிருந்து வந்ததென்று கேட்டபோது அவன் பேசவில்லை. இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு அது என்பது பிறகுதான் தெரிந்தது.

"பட்டினி கிடந்தோ உதை வாங்கினனி?" என்று அவள் அழுதாள். நான் கத்தினேன். "இது சூதடா! உள்ளை என்ன இருக்கெண்டு தெரியாமல் ஆராவது காசு குடுப்பானோ?" என்றேன்.

அவன் குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினான். அதன் கதவில், காந்தத்தின் கீழ், அந்த வாரத்து என் லொத்தர் சீட்டு.

"நீங்களும்தானே அப்பா வாங்கிறனீங்கள்."

எனக்குப் பதில் வரவில்லை. 1994 இல் இங்கே லொத்தர் தொடங்கிய நாளிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறாமல் இரண்டு பவுணுக்கு எடுத்து வந்தவன் நான். வீடு வாங்கலாம், ஊருக்குக் காசு அனுப்பலாம் என்ற கனவு. பத்து வருடத்தில் ஆயிரம் பவுணுக்கு மேல் போயிருக்கிறது. பிள்ளை எங்கே பழகினான் என்று வெளியே தேடத் தேவையில்லை.

அன்றிரவு ஒரு கடதாசியில் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். அரிய வகைகள் இருபது என்று வைத்துக்கொண்டால், நினைத்த ஒன்று வருவதற்குப் பெட்டிக்கு இருபதில் ஒரு வாய்ப்பு. பத்துப் பெட்டி வாங்கினாலும் அது வராமற் போவதற்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. பத்துப் பெட்டி ஏறக்குறைய நூறு பவுண். கணக்கு முடிந்ததும் அவன் பென்சிலை வைத்துவிட்டு, "அப்ப லொத்தர்?" என்று கேட்டான். அந்தக் கணக்கைப் போடக் கடதாசி போதாது என்றேன். சீட்டு எடுப்பதை அந்த வாரத்தோடு விட்டேன்.

பூசாத உருவம் ஒன்று வாங்கித் தருவதென்று முடிவாயிற்று. மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்: "துவக்குப் பிடிச்சது ஒண்டும் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது. நாங்கள் கண்டது காணும்." மகன் மறுக்கவில்லை. கடையில் அரை மணித்தியாலம் தேடி, கையில் தடி ஊன்றிய ஒரு தாடிக் கிழவனை எடுத்து வந்தான். உலோக உருவம், மூன்று சிறு வர்ணக் குப்பிகள், ஒரு தூரிகை. எல்லாமாக நான் சில வாரம் லொத்தருக்குக் கொடுத்த காசு.

குசினி மேசையில் கடதாசி விரித்து வேலை தொடங்கியது. முதற் பூச்சு தடித்து முகமே மூடிப்போயிற்று. கழுவிவிட்டு, தண்ணீர் கலந்து மெல்லிதாக இரண்டு முறை பூசினான். கண் வைக்கத்தான் ஒருவராலும் முடியவில்லை. எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, தையல் ஊசியின் நுனியைக் கறுப்பு வர்ணத்தில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பொட்டு வைத்தாள். கிழவன் எங்களைப் பார்த்தான். "எங்கடை கோயில் ஐயர் மாதிரியல்லோ இருக்கிறார்" என்றாள். உடனே மகன் அவர் உடைக்குக் காவி பூசினான். திங்கட்கிழமை அந்த ஐயர் பள்ளிக்குப் போனார். இதை எங்கே வாங்கினாய் என்று கேட்ட பிள்ளைகளுக்கு அவன் ஆங்கிலத்தில் கதை சொல்ல வேண்டியதாயிற்று.

இதனால் மூடிய பெட்டி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நேரமில்லாத வீட்டுக்கு, வர்ணம் விரிக்க ஒரு மேசை இல்லாத ஒற்றை அறைக் குடும்பத்துக்கு, பூசிய பொம்மை வசதியானது. அன்றே எடுத்து விளையாடலாம். ஆனால் குறித்த உருவம்தான் வேண்டுமென்றால், அதைத் தனியாக விற்பவரிடம் வாங்குவதே மலிவு. இரட்டித்து வந்தவற்றை நண்பர்களோடு மாற்றிக்கொள்ளலாம். 2017 இலிருந்து விஸ்கிட்ஸ் நிறுவனமே, உள்ளிருப்பது வெளியே தெரியும்படி, முதற் பூச்சு மட்டும் பூசிய உருவங்களையும் விற்கிறது. கன்னிவர்ணம் தேடி அலையத் தேவையில்லை.

பூசாதது வாங்குவோர், உருவத்தின் விலையோடு தூரிகை, வர்ணம், பசை ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே பிள்ளைகளுக்கு ஏற்றது. பழஞ்சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வெட்டும் கத்தியைப் பெரியவர்கள் பிடியுங்கள்.

லொத்தர் சீட்டு வாங்க இந்நாட்டில் 2021 இலிருந்து 18 வயது ஆக வேண்டும். மூடிய பொம்மைப் பெட்டிக்கு அப்படியொரு சட்டமில்லை. அந்த வயதெல்லையை வீட்டில் நாங்களேதான் வைக்க வேண்டும். பிள்ளை பெட்டி கேட்டால் உடனே ஏசாமல், அதற்குள் எது வேண்டுமென்று கேளுங்கள். யாரோடு விளையாடப் போகிறான் என்றும் கேளுங்கள். பிள்ளைக்கு வேண்டியது பொம்மையா, கூட்டாளியா என்பது அப்போது தெரிந்துவிடும்.

அந்த ஐயர் இப்போது மகனின் வீட்டில் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். காவி கொஞ்சம் உரிந்துவிட்டது. தானே பூசித் தருவதாகப் பேத்தி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.