பள்ளிக்கூடச் சம்பளம்

குழந்தைக்காகப் பள்ளிக்கூடத்தில் கட்டும் பணத்தை நமது பாட்டனார் காலத்தில் 'சம்பளம்' என்றார்கள். உபாத்தியாயர் மாதக் கடைசியில் வாங்குவதற்கும் அதே பெயர்தான். கொடுப்பதும் சம்பளம், வாங்குவதும் சம்பளம். இப்போது கொடுப்பது 'பீஸ்' ஆகிவிட்டது. வாங்குவது மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது. நாம் திருச்சுழித் தாலுகாவில் ஓர் அரசாங்கப் பள்ளியில் பதினெட்டு வருஷமாகச் சம்பளம் வாங்கி வருகிறோம். வாங்குகிற கைக்குக் கொடுக்கிற கையின் கஷ்டம் எளிதில் தெரிவதில்லை. சென்ற கோடையில் அது நமக்குத் தெரியும்படி நேர்ந்தது.

திருச்சுழி என்றதும் வாசகர்களுக்கு ஸ்ரீ ரமண மகரிஷியின் ஞாபகம் வரும். 1879-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி அவர் அங்கே பிறந்தார். ஆரம்பப் படிப்பும் அங்கேதான். பிற்பாடு மதுரையில் சிற்றப்பா வீட்டிலிருந்து படிக்கும்போது, 1896 ஆகஸ்டு 29-ந் தேதி, அண்ணாவின் கலாசாலைச் சம்பளத்துக்காக ஐந்து ரூபாய் அவர் கைக்கு வந்தது. அதில் மூன்று ரூபாயை ரயில் செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயை, சம்பளம் கட்டப்படவில்லை என்ற விவரத்தோடு கூடிய ஒரு சீட்டுடன் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுவிட்டார். மற்றவர்களுக்கு இந்த வரலாற்றில் துறவு தெரியும். நாம் உபாத்தியாயரானபடியால், நமது கண்ணில் முதலில் படுவது கட்டாமல் நின்ற சம்பளந்தான்.

நிற்க. நமது குமாரத்தி, அருப்புக்கோட்டையில் வீட்டுக்கு அடுத்த தெருவிலுள்ள ஒரு சிறிய நர்ஸரிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. ஆறாம் வகுப்புக்கு எங்கே போவது? சித்திரை பிறந்ததும் வீட்டில் மகாநாடு கூடிற்று. நமது தாயார், "பிள்ளை இங்கிலீஷிலே நாலு வார்த்தை பேசணும், மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்று தலைமை உரையை முடித்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நமது மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தை நான்கு பத்திகளாகக் கோடு போட்டாள். நாம் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினோம்.

முதலாவது, ஊருக்கு வெளியே கரிசல் காட்டின் நடுவில் எழும்பியிருக்கும் ஒரு ஸி.பி.எஸ்.இ. பள்ளி. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்ந்த காற்று, ஒரு பெண்மணி நம்மை உட்காரவைத்து வர்ணப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அதில் நீச்சல் குளம் இருந்தது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் ஜனங்கள் நிறைந்த இந்த வறண்ட சீமையில் நீச்சல் குளத்தைக் கண்டதும் நாம் சற்றுப் பிரமித்தோம். ஆறாம் வகுப்புக்கு வருஷத்துக்கு 58,000 ரூபாய். வேன் 14,000. புத்தகம், சீருடை, பூட்ஸ் எல்லாம் அங்கேயே வாங்க வேண்டும், அது 11,000. கூட்டினால் 83,000.

இரண்டாவது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. இங்கே 27,000, வேன் 9,000, மற்ற வகைகளுக்கு 6,500, ஆக 42,500. மெட்ரிகுலேஷன் என்ற பெயருக்கு ஒரு காலத்தில் தனி மகிமை இருந்தது. தனிப் பாடத் திட்டம் இருந்தது. 2010-ல் தொடங்கி 2011-ல் எல்லா வகுப்புகளுக்கும் சமச்சீர்க் கல்வி வந்தபின், அரசாங்கப் பள்ளிப் பாடமும் அதன் பாடமும் ஒன்றுதான். நாம் திருச்சுழிப் பக்கம் கரும்பலகையில் எழுதும் அதே பாடத்தை இங்கே நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்துப் படிக்கிறார்கள் என்று எண்ணியபோது, நமது பாடத்தின் பேரில் நமக்கே ஒரு புதிய மரியாதை உண்டாயிற்று.

இவ்விஷயத்தில் ஒரு சட்டம் இருப்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நலம். 2009-ம் வருஷத்துத் தமிழ்நாடு பள்ளிகள் கட்டண முறைப்படுத்தல் சட்டத்தின்படி ஒரு குழு அமைந்து, ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தனித்தனியே தொகையை நிர்ணயம் செய்கிறது. ஒரு தடவை நிர்ணயித்தது மூன்று வருஷத்துக்குச் செல்லும். அதற்கு மேல் வாங்குவது குற்றம். மேற்படி பள்ளியில் இந்த விவரம் எழுதிய பலகை எங்கே என்று விசாரித்தோம். இருந்தது, ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. இலையை விலக்கிப் படித்ததில், பலகையிலிருந்த தொகைக்கு ரசீதும், மீதிக்கு வெறும் துண்டுச் சீட்டும் கொடுப்பது அங்கே வழக்கம் என்று புரிந்தது. பெற்றோர்கள் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். நாம் கேட்டபோது குமாஸ்தா நம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஸார் வாத்தியாரா?" என்றார்.

மூன்றாவது, அரசாங்க உதவி பெறும் பள்ளிகள். அருப்புக்கோட்டையில் உறவின்முறையாரும் தேவாங்கரும் நெடுங்காலமாகப் பள்ளிகளும் கலாசாலைகளும் நடத்தி வருகிறார்கள். இவ்வகைப் பள்ளிகளில் உபாத்தியாயர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. தமிழ் வகுப்பில் படிக்கும் குழந்தையிடம் வாங்குவதில்லை. இங்கிலீஷ் வகுப்புகள் பெரும்பாலும் சுயநிதியில் நடப்பவை; அவற்றுக்குப் பணம் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் தனியார் பள்ளிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. ஆனால் அங்கே பெற்றோர்களும் தனியே கட்டியாக வேண்டும். இந்த ஒரு காரியத்தில் நாம் ஆஸ்திரேலியாவை ஜயித்துவிட்டோம் என்று மனைவியிடம் சொன்னோம். "நாலாவது பத்தியை நிரப்புங்கள்" என்றாள்.

நாலாவது பத்தி அரசாங்கப் பள்ளி. அதாவது நாம்.

அதை நிரப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தோம். நமது பள்ளியை நமக்குத் தெரியும் என்பதுதான் சங்கடம். கணக்கு உபாத்தியாயர் இடம் ஒரு வருஷம் முழுவதும் காலியாகக் கிடந்தது தெரியும். பெண் குழந்தைகளின் கழிப்பறைக்கு மாசி முடிந்தால் தண்ணீர் வராது என்பது தெரியும். இங்கிலீஷ் வகுப்பு 2012 வாக்கில் அரசாங்கப் பள்ளிகளிலும் வந்தது. அதைத் தமிழில் நடத்துகிற சமர்த்தர்களில் நாமும் ஒருவர். ஊரார் குழந்தைகளுக்கு இது போதும் என்று பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, நமது குழந்தை என்றவுடன் நீச்சல் குளத்தைப் பார்க்கப் போனோமே என்ற வெட்கம் பேனாவைப் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் நம்மிடம் படித்த ஒருவர் வீடு தேடி வந்தார். பரளச்சிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கோடையில் சீமைக் கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடும் வேலை. அவர் மகளும் ஐந்தாம் வகுப்பை முடித்தவள். மெயின் ரோட்டிலுள்ள ஒரு தனியார் பள்ளியில் படித்துவந்தாள். போன வருஷம் இரண்டாவது, மூன்றாவது தவணைகள் நின்றுவிட்டன. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததால் தையில் வரவேண்டிய பணம் வரவில்லை. மனைவியின் தோடு முதல் தவணையிலேயே அடகுக்குப் போயிருந்தது. இப்போது பாக்கியைக் கட்டினால்தான் டி.ஸி. என்கிறார்கள்.

"கட்டமாட்டேன்னு சொல்லலே ஸார். பருத்தி எடுத்தபிறகு கட்டுறேன்னுதான் சொன்னேன். அவங்க ஜூன்லே கேட்கிறாங்க" என்றார்.

இதைக் கேட்டபிறகுதான் நமது மனைவி போட்ட நான்கு பத்திகளில் ஒரு பத்தி குறைகிறது என்று விளங்கிற்று. எவ்வளவு என்று எழுதினோமே தவிர, எப்போது என்று எழுதவில்லை. மாதச் சம்பளக்காரருக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவருக்கு வாரந்தோறும் கூலி. ஆயிரம் இரண்டாயிரமாகக் கேட்டால் கொடுப்பார், மொத்தமாகக் கேட்டால் கந்துக்குப் போவார். கரிசல் காட்டுக்காரருக்கோ புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தையிலிருந்து பங்குனிக்குள் வந்தால் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும் வைகாசி, ஆனியில் அவர் கையில் இருப்பது அடுத்த விதைப்புக்குப் பயன்படும் நம்பிக்கை மட்டுமே. குண்டாற்றில் தண்ணீர் ஓடாத மாதத்தில் பணம் மட்டும் எப்படி ஓடும்?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடம் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசம் ஆயிற்றே என்று வாசகர்கள் கேட்கலாம். அவரும் கேட்டுப் பார்த்திருக்கிறார். 2010 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தில், குழந்தை பள்ளியில் அடியெடுத்து வைக்கும் முதல் வகுப்பில் மட்டுமே இடம். ஆறாம் வகுப்பில் இல்லை. தவிர, நமது ராஜ்யத்தில் வீடு பள்ளிக்கு ஒரு கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும். நகரத்தில் அது சரி. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு கிலோ மீட்டரில் கண்மாய்க் கரைதான் வரும். 2025-ல் மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கத்துக்கும் இடையே பணத் தகராறு ஏற்பட்டு, கோடையில் நடக்கவேண்டிய சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப் போயிற்று.

ஆனால் டி.ஸி. விஷயத்தில் சட்டம் நமது சிநேகிதர் பக்கம் இருந்தது. எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காக ஒரு பள்ளி குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டும், சான்றிதழ் என்பது பாக்கி வசூலிக்கும் கருவி அல்லவென்றும், அதில் பாக்கி விவரத்தை எழுதக் கூடாதென்றும் தீர்ப்புச் செய்தது. "ஆதார் கார்டையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நம் பள்ளிக்கு வாருங்கள், தலைமையாசிரியரிடம் நாமே பேசுகிறோம்" என்றோம். அவருக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. மகள் இறங்கிவிட்டாள் என்று ஊரார் சொல்வார்களே என்ற துக்கமும் அவர் முகத்தில் தெரிந்தது. படியிறங்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்: "நம்ம பாப்பா எங்கே ஸார் படிக்கப்போகுது?"

"இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்றோம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையின் ஞாபகம் வந்தது. 1889-ல் ஏற்பட்ட அந்தப் பள்ளிக்கு, வியாபாரிகளின் மகமையோடு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்ந்தது. உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். உலை வைக்கிற தினத்தில்தான் பிடியரிசி. உலை வைக்காத வீட்டில் அன்றைக்குக் கேட்பாரில்லை. தவணை என்ற வார்த்தைக்கே அங்கே இடமில்லை. கு. காமராஜ் அந்தப் பள்ளியில்தான் படித்தார். ஆறாம் வகுப்போடு நின்றார். பின்னால் முதல் மந்திரியாகி, 1956-ல் மதிய உணவைப் பள்ளிக்கூடங்களில் விரிவாக ஏற்படுத்தியவரும் அவரே. இதே ஜில்லா பிளஸ் டூ பரீட்சையில் பல வருஷங்கள் தொடர்ந்து ராஜ்யத்தில் முதலாக நின்றது. இதே ஜில்லாதான் 2018-ல் மத்திய அரசாங்கம் தயாரித்த பின்தங்கிய ஜில்லாக்களின் பட்டியலிலும் ஏறிற்று.

காலையில் மனைவி காபியோடு வந்து, நாலாவது பத்தியைத் தானே நிரப்பிவிட்டதாகத் தெரிவித்தாள். அவள் எழுதியிருந்தது முழுதும் லௌகிகம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசாங்கப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு, வைத்தியப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடத்தை 2020-ல் சட்டம் ஒதுக்கியது. 2021-ல் இஞ்சினீயரிங் முதலியவற்றுக்கும் அது வந்தது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆகையால் ஆறாம் வகுப்பில் தவறவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022-ல் தொடங்கிய திட்டத்தையும் எழுதி, அதற்கெதிரே 'பார்க்கலாம்' என்று போட்டிருந்தாள். வேன் என்ற இடத்தில் ஒரு சைபர். 2021 மே மாதம் முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா? எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: 'இங்கிலீஷ், வீட்டில், தினம் ஒரு மணி, அப்பா.'

நமது தாயாருக்குத் திருப்தியில்லை. "ஊர் வாத்தியாருக்கு வக்கில்லையான்னு கேட்பாங்க" என்று இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயமில்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. கழிப்பறைத் தண்ணீர் விஷயமாகக் கோடை விடுமுறையிலேயே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டும்படி தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினோம். பதினெட்டு வருஷத்தில் அவ்விஷயமாக நாம் எழுதிய முதல் கடிதம் அது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த தினத்தில் குமாரத்தியும் நாமும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் அவளுடைய சீருடையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "உங்களுக்கு மட்டுந்தான் ஸார் டிக்கெட்" என்று கிழித்துக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல், மழைக்காகப் பிளந்து கிடந்தது. பள்ளி வாசலில் கரிமூட்டக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். நமது குமாரத்தியின் தோளில் தொங்கிய பையைச் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மகளின் கையை விட்டுவிட்டு, கரி படிந்த விரல்களை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு, "வணக்கம் ஸார்" என்றார்.