பெயரும் ஓர் அடைக்கலப் பொருளே

திருக்குடும்பத்தின் வரலாற்றில் அரசாங்க ஏடு ஒன்று குறுக்கிடுவதை ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவில் வாசிக்கக் கேட்கிறோம். ஆனால் அதைப்பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. அகுஸ்துஸ் சீசரின் கட்டளைப்படி பெயரைப் பதிவு செய்துகொள்ள, நிறைகர்ப்பிணியான மரியன்னையுடன் சூசையப்பர் நாசரேத்தை விட்டுப் பெத்லகேமுக்குப் பயணமானார். அக்காலத்தில் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது பெரும்பாலும் வரிக்காகவே. பெயரை எழுதிக்கொள்ள ஏட்டில் இடம் இருந்தது. எழுதப்பட்டவர்கள் தங்குவதற்குத்தான் விடுதியில் இடம் இல்லை.

நிற்க. பழநி மலையில் வாழும் நம்முடைய பெயர்களும் இன்று எத்தனையோ ஏடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. கொடைக்கானல் நகராட்சி 1899ஆம் ஆண்டிலேயே அமைந்தது. நகருக்கு வெளியே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், வில்பட்டி முதலிய ஊர்களில் வீட்டு வரி வாங்குவது ஊராட்சி. வரி விதிப்பவர் வீட்டை அளந்தே தீரவேண்டும். அதில் குறை காண்பதற்கில்லை. 2022இல் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தபோது, நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடியைத் தாண்டியவற்றுக்கு 100 விழுக்காடு என வீட்டின் பரப்பளவை வைத்தே உயர்வு வகுக்கப்பட்டது. அளவு தெரியாவிட்டால் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே உயர்வு என்றாகிவிடும். நியாயமான வரிக்கு விவரம் வேண்டும்; நியாயமான உதவிக்கும் விவரம் வேண்டும்.

ஆனால் வரி செலுத்துகிறவர் கொடுக்கும் விவரத்தைவிட, உதவி கேட்கிறவர் கொடுக்கும் விவரம் பன்மடங்கு அதிகம். இதை நாம் 2023ஆம் ஆண்டு கண்ணாரக் கண்டோம். மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பங்கள் அவ்வாண்டு ஜூலையில் வழங்கப்பட்டன. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் மிகக்கூடாது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்திருக்கக் கூடாது. கார் இருக்கக் கூடாது. ஆதார் எண், குடும்ப அட்டை எண், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு எண், வாடகை வீடா சொந்த வீடா என்பது வரை அத்தனையும் அந்தப் படிவத்தில் கேட்கப்பட்டன. செப்டம்பர் 15ஆம் நாள் திட்டம் தொடங்கியபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதியுடையவர்களாயினர். அத்தொகை மலையில் எத்தனையோ அடுப்புகளை எரியவைத்திருக்கிறது என்பதற்கு நாமே சாட்சி.

எழுதத் தெரியாத தாய்மாருக்கு உதவ, ஞாயிறு பூசைக்குப்பின் நாமும் நண்பர் சிலரும் கோவில் வளாகத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தோம். ‘அந்தோணியம்மாள்’ என்பது திருமுழுக்கு ஏட்டில் ஒருவிதம், குடும்ப அட்டையில் ஒருவிதம், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதம். மூன்றும் ஒருவரே என்று மனிதருக்குத் தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது. மூன்று குடும்பங்களுக்கு ஒரே மின் இணைப்பு உள்ள வீட்டில் குடியிருக்கும் பெண்ணொருத்தி, ‘கரண்டு கணக்கில் எங்கள் பங்கு எவ்வளவு என்று எப்படி எழுதுவது?’ என்று கேட்டபோது எம்மிடம் விடை இல்லை. தகுதியில்லை எனத் தள்ளப்பட்டவர்கள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. எனினும், பிறர் எழுதிய பிழையைத் திருத்த அன்றாடக் கூலியை இழந்து மலைப்பாதையில் பேருந்துக்குக் காத்து நிற்பது யார்? ஏழைதான்.

வந்தவர்கள் கைநிறைய நகல்களும் கொண்டுவந்தனர். படிவத்தோடு இணைக்க வேண்டாதவற்றையும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நாம் வாங்கி வைத்துக்கொண்டோம். அந்தச் சிறு சொல்லில்தான் நமது குற்றம் தொடங்கிற்று.

டிசம்பர் மாதம் வந்தது. கோவிலில் குடில் அமைக்கும் செலவுக்காக இளைஞர்கள் பழைய தாள்களைத் திரட்டி எடைக்குப் போட்டனர். எடுத்துக் கொடுத்தது நாமே. சில நாள்களுக்குப்பின் ஒரு மாலை, பனி இறங்கும் நேரத்தில், பேருந்து நிலையத்தருகே வறுத்த கடலை வாங்கினோம். தின்று முடித்துப் பொட்டலத் தாளை எறியப்போகையில் அதிலிருந்து ஒரு முகம் நம்மைப் பார்த்தது. நமது பங்கைச் சேர்ந்த ஒரு கைம்பெண்ணின் முகம். கீழே பெயர், முகவரி, பன்னிரண்டு இலக்கங்களில் ஆதார் எண். ஓரத்தில் நமது கையெழுத்தில் அவரது கைப்பேசி எண். உண்ட கடலை தொண்டையில் நின்றது.

கடைக்காரரிடம் மீதியிருந்த கட்டைக் கேட்டு வாங்கினோம். மறுநாள் அந்த அம்மாளின் வீட்டுக்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் சிரித்தார். “எங்கிட்ட என்னய்யா இருக்கு களவு போறதுக்கு? அந்த ஆயிரம் ரூவாதான்,” என்றார். சொன்ன பிறகே அந்த ஆயிரம் ரூபாயை நினைத்தவர்போல் சற்று மௌனமானார். பின் தாழ்ந்த குரலில், “பொட்டலத்தப் பிரிச்சவுகல்லாம் எம் மூஞ்சியப் பாத்துருப்பாகளோ?” என்று கேட்டார். பணத்தைவிட அதுவே அவரை வருத்தியது. மன்னிப்புக் கேட்பதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை.

நாம் செய்தது ஒரு சிறிய மேசையின் பிழை. அதே அசட்டை பெரிய அலுவலகங்களில் நேர்ந்தால் என்னவாகும்? மத்திய, மாநில அரசுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 210 இணையதளங்களில் பயனாளிகளின் பெயரும் முகவரியும் ஆதார் எண்ணும் யாரும் காணும்படி இருந்தன என்ற செய்தி 2017இல் வெளிவந்தது. தமிழகத்தின் பொது விநியோகத் திட்டத்தைச் சார்ந்த ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே கசிந்துள்ளதாக 2021இல் ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடவோ ஒட்டிவைக்கவோ கூடாதென 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டமே தடுக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டு செப்டம்பரில் அதே நீதிமன்றம், அரசின் நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்பது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது.

2023இல் தனிநபர் விவரப் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. அச்சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று: மானியம், உதவித்தொகை, சான்றிதழ் போன்றவற்றுக்காக அரசு நமது ஒப்புதலைத் தனியே பெறாமலும் விவரங்களைக் கையாள அது இடமளிக்கிறது. கேளாமலே எடுத்துக்கொள்ளும் உரிமை பெற்றவருக்குக் காக்கும் கடமை இரட்டிப்பாகும் அன்றோ? மற்றொன்று: அச்சட்டம் கணினி வழிப்பட்ட விவரங்களுக்கே உரியது. கணினியில் ஏறாத காகிதத்தை அது தொடுவதில்லை. எனவே நமது கடலைப் பொட்டலத்துக்கு அச்சட்டத்தில் வழக்கில்லை. மனச்சாட்சியில் மட்டுமே வழக்கு உண்டு.

‘அப்படியானால் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடலாமா?’ என்று சிலர் கேட்கலாம். கூடாது. பொதுப் பணம் யாருக்குச் சென்றது என்று ஊர் அறியவேண்டும். பட்டியல் மூடியிருந்தால் இறந்தவர் பெயரிலும் பணம் வாங்கப்படும். ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் சமூகத் தணிக்கையை வற்புறுத்தியது இதனால்தான். ஆனால் எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது வேறு. அவருடைய ஆதார் எண், கைப்பேசி, வங்கிக் கணக்கு ஆகியவை வேறு. முன்னது ஊரின் கணக்கு. பின்னது அவர் வீட்டுச் சாவி. கணக்கைச் சுவரில் ஒட்டலாம், சாவியை ஒட்டலாகாது.

இவ்விஷயத்தில் திருச்சபைக்கு நீண்ட பழக்கம் உண்டு. திருமணத்தையும் திருமுழுக்கையும் ஏட்டில் பதிவு செய்யவேண்டுமென 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் பணித்தது. பிறப்புச் சான்று இல்லாத முதியவர் பலருக்குப் பங்கு ஏடே வயதுக்குச் சாட்சியாக இருந்துவந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டம், பங்கின் ஏடுகள் வெளியார் கைக்குச் செல்லாதவாறு பங்குத்தந்தை கவனிக்கவேண்டும் என்கிறது. 220ஆம் சட்டமோ, ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கவோ அவருடைய அந்தரங்கத்தை மீறவோ எவருக்கும் உரிமை இல்லை என்கிறது. பங்குத்தந்தையின் இரும்பு அலமாரிக்குப் பூட்டு இருக்க, நமது மேசைக்கு ஏன் பூட்டு இல்லாமற் போயிற்று?

ஆகவே அன்பர்களே, சிலவற்றை நாமே செய்யலாம். கேட்காத நகலைக் கொடுக்கவேண்டாம், வாங்கவும் வேண்டாம். கொடுக்கும் நகலின் குறுக்கே, எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறோம் என்று எழுதுவோம். கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் ஆதார் நகல் போதுமான இடத்தில் அதையே கொடுப்போம். கைப்பேசியில் வரும் கடவு எண்ணை எவருக்கும் சொல்லலாகாது என்று வீட்டு முதியவர்களுக்குப் பொறுமையோடு சொல்லித் தருவோம். அலுவலகத்தில் பணிபுரியும் நம் பிள்ளைகள், தம் முன்னால் நீட்டப்படும் தாளை அடைக்கலப் பொருளாகக் கருதட்டும். எழுத்துப் பிழையைத் திருத்த வருகிறவரை இரண்டாம் முறை வரச்செய்யாதிருக்கட்டும்.

மீட்டு வந்த நகல்களை வீட்டு அடுப்பிலிட்டு எரித்தோம். எரிக்குமுன் எண்ணிப் பார்த்தோம், சில குறைந்தன. அவை எந்தப் பொட்டலமாகி எங்கே விழுந்தனவோ, எவர் கையில் சேர்ந்தனவோ, நாம் அறியோம். அவற்றுக்கு உரியவர்களை நினைவு கூர்ந்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று எச்சரித்து வந்தோம். இன்றும் டிசம்பர் மாதத்தில் குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போதெல்லாம் அந்த அம்மாளின் கேள்வி காதில் விழுகிறது. பெயரைப் பதிவு செய்ய வந்த ஓர் ஏழைக் குடும்பத்துக்காகவே அந்தக் குடிலை நாம் கட்டுகிறோம் என்பதும் அப்போது நினைவுக்கு வருகிறது.