முச்சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், செம்பனைக் குலைகளைச் சுமந்து ஊர்ந்த லோரிகளின் பின்னாலேயே பிரயாணம் செய்து, தெலோக் பங்ளிமா காராங்கைக் கடந்து ஜெஞ்சாரோமை அடைந்தபோது காலை பத்து மணியாகிவிட்டது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் டோங் சென் ஆலயத்து விளக்கலங்காரத்தைக் காண ஜனங்கள் திரளும் அவ்வூருக்கு நான் சென்றது வேறு விளக்குகளின் நிமித்தம். சமிக்ஞை விளக்குகளை இயக்கும் பலகைகளைச் செய்து சோதிக்கும் ஒரு சிறு பட்டறை அங்கே இருக்கிறது.

மேசைமேல் ஓர் ஒட்டுப்பலகை. அதில் வரைந்த முச்சந்தி. கிளைக்கு மூன்றாக ஒன்பது சின்னஞ்சிறு விளக்குகள். அவற்றை ஆள்வது ஏடிமெகா 328 என்னும் மைக்ரோகண்ட்ரோலர். நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும் கணக்குக்கு 2 கிலோபைட், அவ்வளவுதான் இவற்றுக்கு அதிலுள்ள ஞாபகசக்தி. விளக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கலாம், உணரி இன்னது சொன்னால் அடுத்து எந்த நிலைக்குப் போகவேண்டும் என்பவற்றையெல்லாம் ஓர் அட்டவணையாக எழுதிவிடுகிறார்கள். 1956-இல் எட்வர்டு மூர் விவரித்த இயந்திர வகையைச் சேர்ந்தது இது. பச்சையிலிருந்து நேரே சிவப்புக்குத் தாவ அட்டவணையில் வழியே கிடையாது என்பதுதான் இம்முறையின் பெரும் சிறப்பென்று எனக்குத் தோன்றியது. நிரல் தவறி இரு திசையிலும் பச்சை எரிய நேர்ந்தால் அதைக் கண்டு தடுப்பதற்குத் தனிச் சுற்றும் உண்டு.

தொழில் பழகும் இளைஞன் பச்சைக்கு முப்பது வினாடி 'டிலே' போட்டிருந்தான். பட்டறைப் பெரியவர் திரையைப் பார்த்ததும், "தம்பி, இப்படிப் போட்டா அந்த முப்பது வினாடியும் அது கண்ண மூடிக்கிட்டு நிக்கும். யாரு வந்தாலும் தெரியாது," என்றார். அவன், "சரிண்ணே," என்று அழித்து, கடிகாரத்தை அடிக்கடி பார்த்தபடியே உணரியையும் கவனிக்கும்படி மாற்றி எழுதினான்.

வைகறையில் ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதே நேரத்தில் மோட்டாரில் ஆலை வேலைக்குப் போகிறார்கள். ஆளரவமற்ற சந்திப்பில், தாம் நிற்பதை விளக்கு உணராததால், சிவப்பின் முன் வெகுநேரம் காத்திருந்து, பொறுமையிழந்து அபாயத்துக்குள் வண்டியைச் செலுத்தும் அவர்களை நானே கண்டு பதறியிருக்கிறேன். இதன் காரணத்தைப் பட்டறை முற்றத்தில் அறிந்தேன். தார்த்தரையை அறுத்துச் செவ்வக வடிவில் சில சுற்றுக் கம்பி பதித்திருந்தார்கள். அதில் மின்னோட்டம் ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் முறை அலைபாய்கிறது. மேலே உலோகம் வந்தால் அலைவின் வேகம் சற்றே கூடுகிறது. அந்த வேறுபாட்டை எண்ணியே வண்டி வந்ததை நிரல் நிர்ணயிக்கிறது. காருக்கு அது தெளிவாகத் தெரியும்; மோட்டாருக்கோ மிக அற்பம். அதைப் பிடிப்பதற்காக, வண்டியென்று கொள்ளும் எல்லையை மிகத் தாழ்த்தினால், பக்கத்துத் தடத்தில் போகும் லோரியையும் தன்னிடம் வந்ததாக எண்ணிவிடும். வெயிலிலும் மழையிலும் அடிப்படை எண்ணே நகர்வதால் நிரல் அதையும் மெல்லத் தொடரவேண்டும். ஆனால் வேகமாகத் தொடர்ந்தாலோ, நெடுநேரம் நிற்கும் வண்டியையே வெறுந்தரையென்று மறந்துவிடும்.

இளைஞன் தன் மோட்டாரைக் கம்பி ஓரத்தில் நிறுத்தினான்; திரையில் எண் ஏறியது. செவ்வகத்தின் நடுவுக்குத் தள்ளினான், இறங்கிவிட்டது. "நடுவுலதான்யா எல்லாரும் நிப்பாங்க," என்று பெரியவர் என்னிடம் சொல்லிவிட்டு, சுண்ணக்கட்டியால் தரையில் எட்டு வடிவம் வரைந்தார். அப்படிச் சுற்றினால் நடுவிலும் ஒரு கம்பி ஓடும். பக்கத்துத் தடத்தின் தொல்லையும் குறையும். இளைஞன் தார் அறுக்கும் இயந்திரத்தை எடுத்துவர உள்ளே போனான்.