குடமுருட்டிக் கரையில் ஒரு சுவர்

தஞ்சாவூருக்குப் போய்வந்தேன் என்று யாரிடமாவது சொன்னால், "பெரிய கோவிலைப் பார்த்தாயா?" என்று கேட்பார்கள். அடுத்தபடியாக, "தலையாட்டிப் பொம்மை வாங்கினாயா?" என்பார்கள். இந்தத் தை மாதம் நான் போனபோது பொம்மையும் வாங்கவில்லை. கோவிலையும் அவசரமாகத்தான் தரிசித்தேன். நான் பார்க்கப் போனது ஒரு சுவரை! அதுவும் ராஜராஜன் எழுப்பிய சுவர் அல்ல. என் பெரியம்மா வீட்டுக் கூடத்துச் சுவர்.

அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு என்று நீளமாகப் போகும். வயது நூறுக்கு மேல். பெரியம்மாவின் பிள்ளைகள் இருவரும் வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறார்கள். "கூடத்துச் சுவர் ஓதம் ஏறி உதிர்கிறது, இடித்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டிவிடலாம்" என்பது அவர்கள் கட்சி. "நான் கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு. நீ ஒரு நடை வந்து பார்த்துவிட்டு அவர்களிடம் சொல். உன் பேச்சென்றால் கேட்பார்கள்" என்று டெலிபோனில் கெஞ்சினாள் பெரியம்மா. நான் என்ன, இஞ்சினீயரா? இருந்தாலும் புறப்பட்டுவிட்டேன்.

காலையில் எழும்பூரில் ரெயில் ஏறினேன். எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் ரஸாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர். விருத்தாசலம் தாண்டி அரியலூரை நெருங்கியதும் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். தூரத்தில் ஸிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள்.

"கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கே கடல் இருந்தது. சிப்பியும் நத்தையும் கல்லாகிப்போய் இன்னும் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் சுட்டு ஸிமெண்டு ஆக்குகிறார்கள்" என்றார்.

"புகை வருமே, அதுதானே கெடுதல்?" என்றேன், எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்டிக்கொள்ள.

"புகை பாதிதான், அம்மா. சுண்ணாம்புக்கல்லை 100 கிலோ சுட்டால் 56 கிலோதான் சுண்ணாம்பு மிஞ்சும். பாக்கி 44 கிலோ கரியமிலவாயுவாகப் பறந்துவிடும். அடுப்பை எவ்வளவு சுத்தமாக எரித்தாலும் கல்லுக்குள்ளிருந்து வருவதை நிறுத்த முடியாது, பாருங்கள்! சாதாரண ஸிமெண்டு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ கரியமிலவாயு. உலகம் முழுவதும் மனிதர்கள் விடும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஸிமெண்டினால் வருகிறது. ஸிமெண்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காங்கிரீட் வீட்டில் குடியிருந்துகொண்டு, பிளாஸ்டிக் பையை மட்டும் ஒதுக்கிவிட்டு, உலகத்துக்கு உபகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்!

திருச்சியில் அவர் இறங்கிக்கொண்டார். இறங்கும்போது, "தஞ்சாவூர் ஜில்லாவுக்குப் போகிறீர்கள். அரிசி ஆலை வாசலில் குவிந்திருக்கும் உமிச் சாம்பலைப் பாருங்கள். அது குப்பை அல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தஞ்சாவூரில் பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. அரண்மனைக்குள் நுழைந்தேன். நாயக்கர்கள் கட்டி, மராட்டிய மன்னர்கள் பெருக்கிய அரண்மனை அல்லவா? தர்பார் மண்டபத்துத் தூண் ஒன்றை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. இத்தனை பெரிய தூண் கருங்கல்லோ என்றால், இல்லை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுந்தான். இன்றைய ஸிமெண்டு அப்போது பிறக்கவே இல்லை. இங்கிலாந்தில் ஜோஸப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு ஸிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான்.

தஞ்சையிலிருந்து பஸ் கிழக்கே போயிற்று. இருபுறமும் சம்பா அறுவடை. களத்து மேட்டில் வைக்கோல் வாசனை. ஜன்னலோரம் உட்கார்ந்து ரஸித்துக்கொண்டே வந்தேன். ஓர் அரிசி ஆலையைத் தாண்டும்போது காற்று ஒரு சுழற்று சுழற்றியது. கண் நிறையக் கரித்தூள்! முந்தானையால் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஆலையின் பக்கத்தில் கறுப்பு மலை மாதிரி உமிச் சாம்பல். நெல் அவிக்கும் பாய்லரில் உமியை எரித்துவிட்டு, மிஞ்சியதைக் கொட்டியிருந்தார்கள்.

ரெயிலில் அந்த அம்மாள் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. ஆயிரம் கிலோ நெல்லில் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் மணலில் உள்ள அதே ஸிலிக்கா. உமியைப் பக்குவமாக, 700 டிகிரிக்கு மிகாமல் எரித்து நைஸாக அரைத்தால், அந்த ஸிலிக்கா சுண்ணாம்போடு கூடிக் கல்லாக இறுகும். கலிபோர்னியாவில், பெர்க்கிலி சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த நம் நாட்டவர் பி. குமார் மேத்தா, 1970-களிலேயே இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். சூடு மிஞ்சினால் மட்டும் சாம்பலின் வீரியம் போய்விடும். பாகு பதம் தப்பினால் மைசூர்ப்பாகு கல்லாவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். இங்கே பதம் தப்பினால் கல்லாகாது, அவ்வளவுதான் வித்தியாசம்!

வீட்டு வாசலில் பெரியம்மா காத்திருந்தாள். காப்பி கொடுத்த கையோடு கூடத்துக்கு அழைத்துப் போனாள். சுவரைப் பார்த்ததும் எனக்கே வயிற்றைப் பிசைந்தது. இடுப்பு உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்திருந்தது. விரலால் தொட்டால் உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. அதிசயம் என்னவென்றால், ரேழிச் சுவர் அதே வயது. அது பளிங்காக நிற்கிறது!

ஊரில் ஒரு கொத்தனார்ப் பெரியவர் இருக்கிறார். எண்பது வயது இருக்கும். அவரை அழைத்துவரச் சொன்னேன். அவர் சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுக்கு ஸிமெண்டு பூசினது யாரும்மா?"

"பதினைந்து வருஷம் முன்னாடி நான்தான் பூசச் சொன்னேன். கெட்டியாயிருக்கும் என்றார்கள்" என்றாள் பெரியம்மா, குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் மாதிரி.

"அங்கேதாம்மா கெட்டுது. ஆத்தங்கரை மண்ணு; ஈரம் சுவத்திலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையா இருந்தா அது வழியா வெளியே வந்து காஞ்சுடும். ஸிமெண்டு வழி விடாது. உள்ளேயே நின்னு செங்கல்லைத் தின்னுடும். ரேழியை யாரும் தொடலே, அதனாலே பொழைச்சுது."

"அப்படியானால் இடிக்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு இடிக்கணும்? ஸிமெண்டைக் கொத்திட்டு, கெட்டுப்போன கல்லை மாத்திட்டு, பழையபடி காரை பூசினாப் போச்சு!"

காரை செய்யும் விதத்தை அவர் சொல்லக் கேட்கவேண்டும்; சமையல் குறிப்பே தோற்றது. சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீற்றி நாள்கணக்கில் ஊறவிட வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டு, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைக்க வேண்டும். அந்தக் காலத்தில் வட்டக் குழியில் கல் உருளையை மாடு கட்டி இழுத்து அரைப்பார்களாம்.

செங்கல் தூள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுட்ட களிமண்தானே அது? சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் குணம் அதற்கும் உண்டு. 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியது சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் இந்தத் தூளும் சேர்ந்த கலவையால்தான். ரோமாபுரிக்காரர்கள் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்பில் கலந்து கட்டினார்கள். நம் சென்னை, டில்லி ஐ.ஐ.டி.க்களும் ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆராய்ந்த புது ஸிமெண்டிலும் இதே சூட்சுமம். 'கிளிங்கர்' என்னும் சுட்ட கட்டியைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளும் சேர்க்கிறார்கள். கரியமிலவாயு நூற்றுக்கு 30, 40 பங்கு வரை குறைகிறது. 2023-இல் இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்குத் தனித் தரவிதியே வெளியிட்டுவிட்டது.

"சுண்ணாம்பையும் சுடத்தானே வேண்டும்? அதிலும் வாயு போகுமே?" என்று சகோதரிகள் யாராவது மடக்கலாம். போகும்தான். ஆனால் ஸிமெண்டுக்கு 1,450 டிகிரி சூடு வேண்டும். சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவு போதும். தவிர, காரை காயும்போது கல்லிலிருந்து போன வாயுவில் பெரும் பங்கைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. விறகும் கரியும் விட்ட புகைதான் திரும்பாது.

அதற்காக எல்லோரும் நாளைக்கே சுண்ணாம்பில் ஐந்து மாடி கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. காரை இறுக வாரங்களாகும். கை பழகிய கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். ஆலை வாசலில் கிடக்கிற சாம்பலை அப்படியே அள்ளிக் கலக்கவும் முடியாது. அதில் கரி அதிகம். கரி மிகுந்தால் பல் துலக்கத்தான் ஆகும்! பதமாக எரித்து, சோதித்துப் பார்த்த சாம்பல் வேண்டும். காங்கிரீட் தளத்துக்கு ஸிமெண்டு வேண்டியதுதான்.

பெரியம்மா கொல்லைப் பக்கம் புதிதாய் ஒரு குளியலறை கட்டப் போகிறாள். அதற்கு அனல் மின்நிலையத்துச் சாம்பல் கலந்த ஸிமெண்டு வாங்கச் சொன்னேன். கடையில் 'பி.பி.சி.' என்று கேட்டால் கொடுப்பார்கள். நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை சாம்பல் சேர்ந்தது. ஆனால் நிதானமாக இறுகும். குறைந்தது பத்து நாள் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். "ஏழு நாள் போதும்" என்று அவசரப்படுத்தினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அன்றிரவே பிள்ளைகளிடம் டெலிபோனில் பேசினேன். பெரியவன் கொஞ்சம் முணுமுணுத்தான். "இடிக்கிற செலவும் மிச்சம், அம்மாவும் வீட்டிலேயே இருப்பாள்" என்றேன். கடைசியில், "சரி, அக்கா. ஒரு சுவரைப் பூசிப் பார்க்கட்டும். நன்றாக நின்றால் வீட்டில் கை வைக்க மாட்டோம்" என்றான். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை உமிச் சாம்பல் காரணம் அல்ல.

கொத்தனார்ப் பெரியவர் தம் பேரனையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பையன் கடுக்காய்த் தண்ணீரை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்ததையும், தாத்தா அவன் கையில் கரணையைக் கொடுத்ததையும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்பினேன்.

சுவர் பூசி நாற்பது நாளாகிறது. நேற்று டெலிபோனில், "காய்ந்துவிட்டதா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் பறக்கிறாய்? ஆவக்காய் போட்டால் மறுநாளே தின்ன முடியுமா? ஊறட்டும்!" என்றாள்.