லொரென்சோவின் கண்ணீர்

கத்தோலிக்க நாட்காட்டியில் பெரும்பாலான நாள்களுக்கு ஒரு புனிதரின் பெயர் உண்டு. அவர்தம் வாழ்வை நினைந்து அன்றாடம் ஒரு பக்கம் படிப்பது பழைய பக்தி மரபு. இத்தாலியில் அம்மரபு கோயிலுக்குள் நின்றுவிடவில்லை; உழவிலும் வானத்திலும் பேச்சுமொழியிலும் கலந்தது. தேம்பாவணியைப் பாடம் சொல்லும் நாங்கள் மூவர், வீரமாமுனிவரின் தாய்மொழியை அறியும் ஆவலில், அத்தகைய நாள் சிந்தனைகளை அகராதியின் துணையோடு படித்து வருகிறோம். காலம் பொய்யாக்கிய பின்னும் மக்கள் விடாது சொல்லிவரும் தொடர்களே எங்களை மிகவும் ஈர்த்தவை.

டிசம்பர் 13 சிராக்கூசா நகரின் மறைசாட்சி லூசியாவின் நாள். ஒளியைக் குறிக்கும் 'லுக்ஸ்' என்னும் இலத்தீன் சொல் அவர் பெயரிலேயே உள்ளது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் அவர் நாளே என்கிறது இத்தாலியப் பழமொழி. இன்றைய கணக்கிலோ அது டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் 14ஆம் நூற்றாண்டில் அப்பழமொழி மெய்யாகவே இருந்தது. அன்று வழங்கிய யூலியன் நாட்காட்டி சூரியனைவிட்டு மெல்ல விலகிவந்ததே காரணம். 1582இல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாள்களை நீக்கி, அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 ஆக்கினார். நாட்காட்டி திருந்தியது; பழமொழி திருந்தவில்லை. திருத்தத்திற்கு முந்தைய வானம் அந்த ஒரு வரியில் இன்னும் தங்கியிருக்கிறது.

நவம்பர் 11 மார்ட்டீனின் நாள். போர்வீரராய் இருந்தபோது, குளிரில் நடுங்கிய இரவலனுக்குத் தம் மேலாடையை வாளால் பிளந்து பாதியைக் கொடுத்தவர்; பின்னர் தூர் நகரின் ஆயராகி 397இல் மறைந்தார். அம்மேலாடையின் பெயராகிய 'காப்பா'விலிருந்தே, சிற்றாலயத்தைக் குறிக்கும் 'கப்பெல்லா' பிறந்தது. நவம்பர்க் குளிருக்கிடையே தலைகாட்டும் இளவெப்ப நாள்களை இத்தாலியர் 'சான் மர்த்தீனோவின் கோடை' என்பர்.

அப்பெயருக்கு இன்னொரு முகமும் உண்டு. போ ஆற்றுச் சமவெளியில் உழவுக் குத்தகைகள் அந்நாளோடு முடிந்தன. குத்தகை நீட்டிக்கப்படாத குடும்பம், தட்டுமுட்டுப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறிடம் தேட வேண்டும். ஆதலால் 'சான் மர்த்தீனோ செய்தல்' என்றால் வீடு மாறுதல் என்று பொருளாயிற்று. ஆடையைப் பகிர்ந்தவரின் பெயர், கூரையை இழந்தவர்களின் சொல்லானது. வீரமாமுனிவர் 1680இல் பிறந்த காஸ்தில்யோனே ஊரும் அச்சமவெளியின் விளிம்பில்தான் இருக்கிறது. பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே தமிழில் குடியேறிவிட்ட அவரை நினையாமல் இத்தொடரைக் கடக்க எங்களால் இயலவில்லை.

ஆகஸ்ட் 10, வலேரியன் ஆட்சியில் 258இல் ரோமில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லொரென்சோவின் நாள். அந்நாள்களின் இரவில் பொழியும் எரிவிண்மீன்களை மக்கள் 'லொரென்சோவின் கண்ணீர்' என்றனர். அவற்றுக்கும் 1862இல் கண்டறியப்பட்ட ஒரு வால்விண்மீனுக்கும் உள்ள தொடர்பை, மிலான் நகர வானியலர் ஸ்கியாபரெல்லி 1866இல் காட்டினார். அது விட்டுச்சென்ற துகள்களே காற்றுமண்டலத்தில் எரிகின்றன. இக்காலத்தில் அப்பொழிவின் உச்சமும் 12, 13ஆம் நாள்களுக்கு நகர்ந்துவிட்டது.

மறு ஆண்டு, 1867 ஆகஸ்ட் 10 அன்று, ஜொவான்னி பாஸ்கொலியின் தந்தை குதிரை வண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது வயது 11. கொன்றவர்கள் தண்டிக்கப்படவே இல்லை. சிறுவன் கவிஞனாக வளர்ந்து, 1896இல் அந்தத் தேதியையே தலைப்பாக்கி ஒரு கவிதை எழுதினான். அவை துகள்கள் என்று அறிவியல் சொல்லி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் கவிதையில் அவை மீண்டும் கண்ணீராயின.

அப்பக்கத்தை நாங்கள் படித்தபோது, எங்களுள் ஒருவர் தந்தையை இழந்து ஓராண்டு நிறைந்திருக்கவில்லை. வழக்கமாகச் சொற்பிறப்பைத் துருவித் துருவிக் கேட்பவர் அவர். அன்று எதுவும் கேட்கவில்லை. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தோம். துகளா, கண்ணீரா என்ற வினா எங்களிடையே எழவில்லை.

நாட்காட்டியைத் திருத்த ஓர் ஆணை போதும். ஒரு மக்கள் தம் துயரையும் குளிரையும் இருளையும் எந்தப் பெயரால் அழைத்தனரோ, அந்தப் பெயரைத் திருத்த அது போதாது. பிழையென்று ஒதுக்குவதற்கு முன், ஒரு பழந்தொடர் யாருடைய இழப்பைச் சுமந்து வருகிறது என்று கேட்பது நல்லது, நண்பர்களே.