சென்னை எவ்வளவு தூரம்?

சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஸார், ஆகாய விமானத்தில் சென்னைக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டான். உபாத்தியாயர் பதில் சொல்லாமல் இருக்கலாமா? திருவனந்தபுரத்திலிருந்து சென்னை வானவழியாகச் சுமார் 610 கிலோ மீட்டர். ஒரு மணி இருபது நிமிஷம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். பையனுக்குத் திருப்தி. எனக்கும் பரம திருப்தி.

அந்தத் திருப்தி பத்து நாள்கூட நீடிக்கவில்லை. ஓர் இரவு பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து அத்தான் டெலிபோனில் அழைத்தார். அக்காளுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரண சிகிச்சையாம். அதற்குமுன் என்னைப் பார்க்க வேண்டுமென்கிறாளாம். மாலை ரயில்களெல்லாம் போய்விட்டன. விமானமே கதி!

ஆனால் நாகர்கோவிலில் விமான நிலையம் ஏது? வடகிழக்கே இருக்கும் சென்னைக்குப் போக, நாங்கள் முதலில் வடமேற்கே எழுபது கிலோ மீட்டர் போக வேண்டும். பின்னிரவு மூன்று மணிக்குக் காரில் கிளம்பினேன். கேரளத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளின் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து தக்கலையைக் கடந்தோம்.

அதன் பக்கத்தில்தான் பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் ராஜதானி அதுவே. நாகர்கோவிலில் காலையில் மாட்டு வண்டி பூட்டினால் உச்சிக்குள் போய்ச் சேரலாம். பிறகு ராஜதானி திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. தலைநகர் ஒரே நாளில் பத்து மடங்கு தூரம் தள்ளிப் போய்விட்டது! அன்று வாலிபராயிருந்த எங்கள் தகப்பனார் தெருவெல்லாம் சர்க்கரை வழங்கினாராம். தூரத்தைப் பற்றி அவர் ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. 1981-இல் திருநெல்வேலி ரயில் பாதை திறக்கும்வரை, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பஸ்ஸில் போய்த் திருநெல்வேலியில்தான் சென்னை வண்டி ஏறுவார். திருவனந்தபுரம் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

நானோ அந்தத் திருவனந்தபுரத்தில் ஐந்து மணிக்குப் போய் இறங்கினேன். 1935-லேயே டாட்டா கம்பெனியாரின் விமானம் பம்பாயிலிருந்து வந்து இறங்கிய ஊர் அது. பரிசோதனைகள் முடிந்து, ஏழு மணிக்கு விமானம் அரபிக் கடலின்மேல் எழும்பித் திரும்பியது. சில நிமிஷங்களில் மேற்குத் தொடர்ச்சி மலை கீழே! அப்புறம் வெறும் மேகந்தான். ரயிலில் போனால் ஆரல்வாய்மொழிக் காற்றாவது முகத்தில் அடித்திருக்கும்.

எட்டு இருபதுக்குச் சென்னை. என் கணக்கில் ஒரு நிமிஷம் பிசகவில்லை. ஆனால் மீனம்பாக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பதே முக்கால். அக்காளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

"மூன்று தடவை கேட்டாள், மாப்பிள்ளை" என்றார் அத்தான்.

வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு ஏழு மணிக்குக் கால் மணி குறைவு. 2024 ஆகஸ்டிலிருந்து ஓடும் வந்தே பாரத் ரயில் நாகர்கோவிலிலிருந்து எழும்பூருக்கு எடுத்துக்கொள்வதோ சுமார் ஒன்பது மணி.

சாயந்திரம் அக்காள் கண் விழித்தாள்.

"வந்துட்டியா தம்பி? எந்த வழி?"

"திருவனந்தபுரம் வழி."

"அப்பா இருந்தா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா!" என்று சிரிக்கப் போனவள், தையல் வலித்ததோ என்னவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள்.